கமரா பிடித்த ‘ஓம்’

பிள்ளைகளே, டீவி பார்க்கும்போது எதைக் கேட்டாலும் நான் ‘ஓம்’ என்று ஆமாம் போடுகிறேன் என்று சிரிப்பீர்கள் அல்லவா? அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்று லண்டனில் வால்தம்ஸ்டோ பஸ்ஸில் என் முன் சீட்டில் நம்மவர்களான ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். தெரிந்த பொடியன் ஒருவன், மனம் விட்டுப்போன ஒரு தம்பதியைப் பற்றிச் சொந்தக் காசில் எடுத்த பகிடிப் படத்தில் அந்தத் தம்பதியாக நடித்துவிட்டு, அதை மண்டபத்தில் எல்லாரோடும் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“டீவி சீனுக்குச் சனம் விழுந்து விழுந்து சிரிச்சது. என்ரை நடிப்பு எப்பிடி?” என்று புருஷன் கேட்டார்.

“அது நடிப்பில்லையப்பா. கமரா ஓடினதே உங்களுக்குத் தெரியாது. படமெடுத்த தம்பி சத்தமில்லாமல் பிடிச்சவன்.”

“அப்ப, என்னை விட்டிட்டு ஹவுன்ஸ்லோவிலை அக்காவோடை போய் இருக்கப்போறன் எண்டு நீர் சொன்னது?”

“அதுவும் வசனமில்லை. நீங்கள் டீவியைப் பாத்துக்கொண்டு ‘ஓம், ஓம்’ எண்டியள்.”

அவர் பெண்சாதியின் பக்கம் திரும்பினார்.

“அந்த ‘ஓம்’ஐ வெட்டச் சொல்லட்டோ?”

“சனம் சிரிச்சதே அதுக்குத்தான். வெட்டினால் படம் படுத்திடும்.”

எங்கேயாவது கமரா இருக்கிறதா என்று அவர் பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தார். என் மடியிலிருந்த பையைக்கூட உற்றுப் பார்த்தார்.

“படம் படுக்கட்டும். நீர் போகாதையும்.”

“இது ஆர் எழுதித் தந்த வசனம்?”

“ஒருத்தருமில்லை. நான்தான்.”

“அப்ப யோசிச்சுப் பாக்கிறன்.”

வீட்டுக்கு வந்தேன். உங்கள் அம்மா இன்னும் வேலை முடிந்து வரவில்லை. டீவிக்கு முன்னால் கிடந்த, நான் உட்காரும் கதிரையைத் தூக்கி, அவள் வந்ததும் சமைக்க நிற்கும் குசினியைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.