ஜெயபாய் அக்காவின் அரைத்தட்டு

மாலை வகுப்புக்கு நான் ஒரு நாளும் பிந்திப் போனதில்லை. பகலில் சாலைக் கடைத்தெருவில் ஜெராக்ஸ் எடுக்கிற வேலை. ஆறு மணிக்குப் பாளையத்தில் ஸ்பானிஷ் வகுப்பு. என் டைரியை எடுத்துப்போயிருக்கிறீர்கள், சார். எல்லாம் தேதிவாரியாக இருக்கும். இருந்தாலும் என் எழுத்தை நானே முழுதாக நம்புவதில்லை. அதனால் வாயாலும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மொழியைப் படித்தது ஜெயபாய் அக்காவுக்காக. கோவளத்தில் ஒரு ஓட்டலில் அக்கா சல்சா என்கிற ஸ்பானிஷ் ஆட்டப் பாட்டுகளைப் பாடினார்கள். கேசட்டைக் கேட்டு, வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவார்கள். நான் அர்த்தம் சொல்லிக்கொடுப்பேன். வெள்ளைக்காரர்கள் மீனில் முள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கைதட்டுவது பெரும்பாலும் நான் ஒருவன்.

தாளம் விழுந்து அரைத்தட்டு கழித்துத்தான் அக்கா வாயைத் திறப்பார்கள். பாறசாலைப் பக்கம் அவர்கள் சிறுவயதில் போன சர்ச்சில் பாட்டுப் புத்தகம் குறைவு. உபதேசியார் ஒரு வரி வாசிப்பார், அதன்பிறகு சபை பாடும். அந்தக் காத்திருப்பு தொண்டையிலேயே தங்கிவிட்டது. சல்சாவில் அது வரும்போது, மாடிப்படியில் கால் தவறியும் விழாமல் நின்றதுபோல் இருக்கும். 1998 ஜூனிலிருந்து நாற்பத்தொரு நிகழ்ச்சிகளைக் குறித்திருக்கிறேன். ஒருமுறைகூட அது மாறவில்லை.

டிரம்ஸ் வாசிக்கிற ரதீஷுக்கு அது பிடிக்காது. “சேச்சி, பின்னயும் லேட்டாயி. பஸ்ஸு போயி,” என்பான்.

“போனா போட்டும்டே. அடுத்த பஸ்ஸுல ஏறி ஒனக்கு முன்ன நான் எறங்குவேன்,” என்பார்கள் அக்கா.

பிப்ரவரியில் கொச்சியிலிருந்து ஒரு கப்பல் இசைக்குழுவின் தலைவர் வந்து அக்கா பாடுவதைக் கேட்டார். இரண்டு வருட வேலை தருவதாகச் சொன்னார். அந்த அரைத்தட்டை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். மார்ச் பதினாலாம் தேதி மறுபடி வந்து கேட்பார்.

நேமத்தில் தன் வீட்டில் ரதீஷை உட்காரவைத்து அக்கா பயிற்சி செய்தார்கள். பத்து நாளில் சரியாக வந்துவிட்டது. சுத்தமாக, யார் வேண்டுமானாலும் பாடக்கூடிய மாதிரி.

“அக்கா, இது உங்க பாட்டு இல்ல.”

“நாப்பத்திரண்டு வயசாச்சு மக்கா. நாலு பேரு கேக்கட்டுமே. நீ ஒருத்தன் கேட்டா போருமா?” என்று சிரித்தார்கள்.

போதும் என்று நினைத்தேன்.

டைரியில் ஒரு பக்கம் செய்யலாம் என்பதற்கும், எதிர்ப்பக்கம் வேண்டாம் என்பதற்கும் காரணங்களை எழுதினேன். வேண்டாம் என்ற பக்கம்தான் நீளம். அதெல்லாம் என் பயம் என்று பட்டது. அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

பாடுவதற்கு முன் அக்கா பிளாஸ்கிலிருந்து சுக்குவெந்நீர் குடிப்பார்கள். ஒரே மடக்கில் குடிப்பதுதான் வழக்கம். பதினாலாம் தேதி சாயங்காலம், ரதீஷ் டிரம்ஸை முறுக்கிக்கொண்டிருந்தபோது, கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை அதில் சேர்த்தேன். டம்ளரில் ஊற்றிக் கொடுத்ததும் நான்தான். “நல்லா இரு மக்கா,” என்று வாங்கிக்கொண்டார்கள்.

உயிருக்கு ஆபத்தில்லை, குரல் மட்டும் இனி வராது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். நான் உத்தேசித்ததும் அவ்வளவுதான். அந்த அரைத்தட்டை இனி யாரும் திருத்த முடியாது.

ஆஸ்பத்திரியில் பேப்பரும் பேனாவும் கொடுத்ததும் அக்கா லிங்கராஜ் என்று என் பெயரை மட்டும் எழுதினார்களாம். இரண்டு முறை. பார்க்க வரச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன், சார்.