அழகப்பன் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிய நாள்

என் பெயர் தங்கராஜு. தகப்பனார் பெயர் ரெங்கசாமி. வயது எழுபத்து மூன்று. சிங்கப்பூர்க் குடிமகன். தோ பாயோவில் என் மகள் வைதேகி, மருமகன் ஸ்ரீராம் ஆகியோருடன் வசிக்கிறேன். முப்பத்தெட்டு வருடம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். ஜாலான் புசாருக்குப் பக்கத்தில் மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், மூன்று அறைகள் உள்ள வீடு என் பெயரில் இருக்கிறது. இறந்துபோன அழகப்பன், வயது அறுபத்தாறு, அந்த வீட்டில் பதினோரு வருடம் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவர். எனக்கு உறவினர் இல்லை. அவருக்கும் இந்த ஊரில் உறவினர் இல்லை.

விசாரணை அதிகாரி திரு. அஸ்மத், நான் சொல்லச் சொல்லத் தாம் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். நானே தமிழில் எழுதுகிறேன் என்று கேட்டேன். நேரமாகும் அங்கிள் என்றார். ஆகட்டும் என்றேன். எனக்கு ஒன்றரை வருடமாக எழுதத் தெரியும். இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பேனாவும் நல்ல பேனாவாகக் கொடுத்தார்கள்.

மேற்படி வீட்டை நானும் காலஞ்சென்ற என் மனைவி சுசீலாவும் இருபத்தாறு வருடத்துக்கு முன் வாங்கினோம். குடியிருக்க வாங்கவில்லை. வாடகைக்கு விட்டு, விலை ஏறியதும் விற்பதற்காக வாங்கினோம். லாரி ஓட்டுகிறவனுக்கு இரண்டு வீடா என்று என் கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. சட்டம் அனுமதித்த ஆட்களுக்கு மேல் ஒருவரையும் நான் அந்த வீட்டில் வைத்ததில்லை. பக்கத்துக் கட்டடங்களில் அடுக்குக் கட்டில் போட்டுப் பணம் பார்த்தார்கள். நான் செய்யவில்லை. காலி செய்கிறவர்களின் முன்பணத்தில் சுவரில் ஆணி அடித்தார்கள் என்று பிடித்ததில்லை. வாடகைதாரர்களிடம் பொய் சொன்னதில்லை. இதை எழுதுவது என்னைப் புகழ்வதற்காக அல்ல. பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் எழுதுகிறேன்.

அழகப்பன் முன்பு சிராங்கூன் ரோட்டில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். அச்சகம் மூடிய பிறகு காவலாளி வேலைக்குப் போனார். மாதம் முதல் தேதி நான் நேரில் போய் வாடகை வாங்குவேன். ரசீதை அவரே தமிழில் எழுதி நீட்டுவார். நான் என் பெயரை, படம் வரைவதுபோல் மனப்பாடமாக வரைந்து கொடுப்பேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாதம் அப்படிப் போட்டுக் கொடுத்த பிறகு, என்ன எழுதியிருக்கிறது என்று படித்தீர்களா என்று கேட்டார். வாடகை வாங்கினேன் என்றுதானே இருக்கும் என்றேன். அவர் வாசித்துக் காட்டினார். இனி வரும் பன்னிரண்டு மாதங்களுக்கு அழகப்பன் வாடகை தர வேண்டியதில்லை என்று அதில் எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து இருந்தது. நான் பயந்துவிட்டேன். அவர் அதை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "நான் நல்லவனா இருந்ததால பொழச்சீங்க அண்ணே. அடுத்தவன்கிட்ட மாட்டுறதுக்குள்ள நாலு எழுத்து கத்துக்குங்க" என்றார்.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் அவர் அறைக்குப் போய்ப் படித்தேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுத்துகளைப் பெரிது பெரிதாக எழுதினார். உங்கள் சுவர்தானே என்றார். நான் அவரை வாத்தியாரே என்று கூப்பிடுவேன். வாத்தியாரிடமே வாடகை வாங்குகிற மாணவனை இங்கேதான் பார்க்கிறேன் என்பார். நானாகவே படித்த முதல் சொல், மாடிப்படிக்குக் கீழே மின்சாரப் பெட்டியில் இருந்த அபாயம் என்ற சொல். எத்தனையோ கட்டடங்களில் அந்தப் பலகைக்குக் கீழே லாரியை நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அன்று சிராங்கூன் ரோடு முழுக்க நடந்து, எல்லாப் பலகைகளையும் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இந்த வருடம் ஜனவரி மாதம் அழகப்பனுக்கு ஈரலில் புற்றுநோய் என்றும், முற்றிவிட்டது என்றும் மருத்துவமனையில் சொன்னார்கள். அதன் பிறகு வீட்டுக்கே வந்து பார்க்கும் தாதி ஆயிஷா, நோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் சேரலாம் என்றார். அழகப்பன் தமக்கு இந்த அறையே போதும் என்றார். வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டுமே என்று ஆயிஷா என்னைப் பார்த்தார். நான், "கடைசி வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்று சொன்னேன். ஆயிஷா அதைக் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு பிப்ரவரி மாதம் வீட்டை விற்க முடிவு செய்தேன். கட்டடம் 99 வருடக் குத்தகை நிலத்தில் இருக்கிறது, அந்தக் காலம் வருடா வருடம் குறைகிறது, இப்போது விற்றால்தான் விலை, அந்தப் பணத்தில் புதிதாகக் கட்டும் இடத்தில் ஒரு கடை வாங்கிப் போடலாம் என்று ஸ்ரீராம் கணக்குக் காட்டினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. மற்ற இரண்டு அறைகளில் இருந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார்கள். அழகப்பனின் ஒப்பந்தத்தில் இரண்டு மாதம் மிச்சம் இருந்தது. விற்பனை முடிய எப்படியும் மூன்று மாதமாகும், அதற்குள் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைத்தேன். எல்லாம் என்று நான் எதை நினைத்தேன் என்பதை அப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டு ஏஜெண்ட் நிரஞ்சனா என்ற பெண். மார்ச் 10ஆம் தேதி திங்கட்கிழமை போன் செய்து, நான் கேட்ட விலைக்கே ஒரு குடும்பம் தயார் என்றும், புதன்கிழமை வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள் என்றும் சொன்னார். அதன் பிறகு, "அங்கிள், வீட்ல யாராச்சும் இறந்திருக்காங்களான்னு கேப்பாங்க. எல்லாருமே கேக்குறதுதான், நம்ம ஆளுங்களும் கேப்பாங்க. கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்லா" என்றார். நானும் சொல்ல மாட்டேன் என்றேன். அப்படி ஒன்று நடந்த வீடு என்றால் விலை குறையுமா என்று கேட்டேன். விலை குறைவது இருக்கட்டும், சிலர் உள்ளேயே வர மாட்டார்கள் என்றார்.

அன்று மாலை ஆயிஷாவிடம் அழகப்பன் நிலை என்ன என்று விசாரித்தேன். சில நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் என்றார். நான் அக்கறையில் கேட்டதாக நினைத்து ஆறுதல் சொன்னார்.

அதன் பிறகு நான் எடுத்த முடிவு வருமாறு. வீட்டில் யாரும் சாகவில்லை என்று நான் சொல்ல வேண்டும். அது பொய்யாக இருக்கக் கூடாது. அப்படியானால் அழகப்பன் அந்த வீட்டில் சாகக் கூடாது. இந்த யோசனை என்னுடையது. ஸ்ரீராமுக்கோ வைதேகிக்கோ நிரஞ்சனாவுக்கோ தெரியாது.

மார்ச் 11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அழகப்பன் அறைக்குப் போய், வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போவதாகவும், பெயிண்ட் வாடை அவருக்கு ஆகாது என்பதால் இரண்டு நாள் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் தங்கும்படியும் கேட்டுக்கொண்டேன். பெயிண்ட் அடிக்க நான் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. அவர் சிறிது நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். மருந்து, இரண்டு சட்டை, கண்ணாடி, சார்ஜர் ஆகியவற்றை ஒரு பையில் வைத்தேன். நாற்காலியில் இருந்த போர்வையையும் அவர் மடிக்கப் பார்த்தார். இருக்கட்டும் என்றேன். மின்விசிறியை அவர்தான் அணைத்தார்.

படிகள் மொத்தம் நாற்பத்தெட்டு. ஜனவரிக்குப் பிறகு மருத்துவமனைக்குப் போகும்போது மட்டும் இறங்கியிருக்கிறார். நான் பையை ஒரு கையிலும் அவர் தோளை மறு கையிலும் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கிய பிறகு, "என்ன கலர் அண்ணே அடிக்கிறீங்க?" என்று கேட்டார். நான் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. அவரே, "வெள்ளைன்னு சொல்லுங்க. வெள்ளைன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க" என்றார். அதன் பிறகு கையை நீட்டினார். நான் தூக்கிவிட்டேன். மீதிப் படிகளை இறங்கினோம்.

ஹோட்டல் ஐந்து நிமிட தூரம்தான். டாக்சியில் போனோம். அறையில் ஜன்னல் இல்லை. கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த விதிமுறைகள் ஆங்கிலத்திலும் சீனத்திலும் மட்டும் இருந்தன. நமக்குத் திருத்த இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். தண்ணீரையும் மருந்தையும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். நாளைக் காலை எட்டு மணிக்குக் கஞ்சியோடு வருவதாகச் சொன்னேன். நான் கதவுக்குப் போனதும், "விலையில எறங்காதீங்க அண்ணே" என்றார். புதன்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. விற்கப் போகிறேன் என்பதையே சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் 12ஆம் தேதி காலை ஏழரை மணிக்கு நான் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தபோது நிரஞ்சனா போன் செய்து, மாலையில் வருவதாக இருந்தவர்கள் ஒன்பது மணிக்கே வருகிறார்கள், உடனே வீட்டைத் திறக்க வேண்டும் என்றார். முதலில் ஹோட்டலுக்குப் போய்விட்டு வர நேரம் இருந்தது. கொஞ்சம் இருந்தது. நான் கஞ்சியை எடுத்துக்கொண்டு நேரே ஜாலான் புசார் வீட்டுக்குப் போனேன். அழகப்பன் அறையைக் கூட்டினேன். மருந்து வாடை போக ஜன்னலைத் திறந்துவைத்தேன். பேச்சுக்கு இடையூறு வேண்டாம் என்று போனைச் சத்தமில்லாமல் வைத்தேன்.

கணவன், மனைவி, கணவனின் தகப்பனார் ஆகிய மூன்று பேர் வந்தார்கள். பிற்பகலில் வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று கேட்டார்கள். தண்ணீர் வேகமாக வருமா என்று குழாயைத் திறந்து பார்த்தார்கள். குளிர்சாதனப் பெட்டியை விட்டுப் போவீர்களா என்றார்கள். அந்த அம்மா அழகப்பன் அறைச் சுவரைக் காட்டி, இது என்ன கோலம் என்று கேட்டார். நிரஞ்சனா தமிழ் எழுத்துகள் என்று விளக்கினார். அழகாக இருக்கிறது, ஆனால் வெள்ளையடித்துக் கொடுங்கள் என்றார் அந்த அம்மா. அடித்துத் தருகிறேன் என்றேன். அதன் பிறகு ஏஜெண்ட் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டோம். முடிய மணி ஒன்றே கால் ஆனது. நான் கேட்ட விலை கிடைத்தது. வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா என்று அவர்கள் ஒருவரும் கேட்கவில்லை. கிளம்பும்வரை நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

அதன் பிறகு வீட்டுக்குப் போய்க் கஞ்சியை எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கு ஹோட்டலை அடைந்தேன். கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. முகப்பில் இருந்தவர் வேறு சாவி கொண்டுவந்து திறந்தார். அழகப்பன் கதவைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தார். சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தது. தலை வாரியிருந்தது. கூப்பிட்டேன். தொட்டேன். அதன் பிறகு முகப்பில் இருந்தவர் ஆம்புலன்சை அழைத்தார். வந்தவர்கள், உயிர் போய் இரண்டு மணி நேரம் இருக்கும் என்றார்கள். ஹோட்டலில் நடந்த மரணம் என்பதால் போலீசுக்குச் சொன்னார்கள்.

என் போனில் 11.52க்கு அழகப்பன் அழைத்தது பதிவாகியிருக்கிறது. ஒரு முறைதான் அழைத்திருக்கிறார். அதே நாள் காலை பத்து மணிக்குத் தாதி ஆயிஷா அவரை அழைத்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதாகவும், கூட்டாளி வீட்டில் இருக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்கிறார், இன்றைக்கு வர வேண்டாம் என்று அவர் சொன்னதாகவும் அதிகாரி என்னிடம் தெரிவித்தார். நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

மரணம் நோயால் ஏற்பட்டது என்றும், மருந்தில் தவறு எதுவும் இல்லை என்றும் அதிகாரி கூறினார். அதன் பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அழகப்பன் தம் விருப்பத்தோடு அறையை விட்டு வந்தாரா, அல்லது வெளியேற்றப்பட்டாரா என்பது கேள்வி. இரண்டில் எது என்று எழுத வேண்டும் என்றார்.

பதில்: நான் அவரைத் திட்டவில்லை, தள்ளவில்லை. அவர் தம் காலால் நாற்பத்தெட்டுப் படிகளும் இறங்கினார். ஒரு முறைகூட முடியாது என்று சொல்லவில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் விருப்பத்தோடு வந்தார் என்றுதான் சொல்வார்கள். அவர் விருப்பத்தோடு வரவில்லை. அந்த அறையில் சாக வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம். அதை ஆயிஷா முன்னால் சொன்னார், நான் சரி என்றேன். வெள்ளையடிப்பது பொய் என்று தெரிந்தும், நான் கேட்டதால் இறங்கி வந்தார். ஆகவே இரண்டாவதை எழுதுகிறேன். நான் அவரை வெளியேற்றினேன்.

இந்த ஐந்து பக்கங்களையும் நானே எழுதினேன். எழுதியதை நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இப்படி எழுது என்று எவரும் என்னிடம் சொல்லவில்லை, எழுதாதே என்றும் மிரட்டவில்லை. இதில் உள்ளது நடந்தது. நடக்காதது இதில் இல்லை.

(கையொப்பம்)
ரெ. தங்கராஜு
14 மார்ச் 2025, மாலை 6.40

என் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிட்டார்.
(கையொப்பம்)
அஸ்மத், விசாரணை அதிகாரி