பயற்றில் வண்டு விழுந்த வாரம்

அவைக்குத் தலைமை தாங்கி, 'வெங்கடேஷ்பாபு பேச்சில் எல்லை மீறினால் அடிப்பேன்' என்று பூசை அறையிலிருந்து மணியையே எடுத்துவந்து மேசைமேல் வைத்திருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர் தமிழ்வாணி அம்மையார் அவர்களே! எங்கள் கடையின் கண்ணாகவும் கண்டிப்பாகவும் விளங்கும் தன்னார்வலர் முருகம்மாள் அவர்களே! வாடிப்பட்டியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து, மேடையில் நாற்காலி காத்திருக்க, மூன்றாம் வரிசையில் முகம் மறைத்து அமர்ந்திருக்கும் உழவர் பெருந்தகை சிவனாண்டி அவர்களே! யானைமலையின் நிழலில் வாழ்ந்து, வெயிலில் உழைக்கும் ஒத்தக்கடைப் பெரியோர்களே! எண்ணெய்க்கு ஒரு தூக்கு, உப்புக்கு ஒரு டப்பா, உளுந்துக்கு ஒரு துணிப்பை என்று ஊர்வலம் போல வந்து நின்று, 'கவர் கிடையாதா?' என்று ஒருநாளும் முகம் சுளிக்காத தாய்மார்களே!

யார் அங்கே சிரிப்பது? சரி, சுளித்தீர்கள். முதல் மாதம் மட்டும் சுளித்தீர்கள். அதை வரலாறு மன்னித்துவிட்டது.

அனைவருக்கும் என் நெஞ்சிலிருந்து எழுந்து கையில் வந்து குவிந்த வணக்கம்!

வீட்டில் சௌராஷ்டிரம், வீதியில் மதுரைத் தமிழ், மேடை ஏறினால் மட்டும் செந்தமிழ் என்று மூன்று நாக்கோடு திரிபவன் இந்த வெங்கடேஷ்பாபு. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஜவுளிக்கடையில் நின்று புடவையை விரித்தவன். விரித்த புடவையைவிட வாயை அதிகம் விரித்தவன். அத்தனை ஆண்டுகளிலும் என் கையால் கொடுத்த பிளாஸ்டிக் பைகளை அடுக்கினால் யானைமலைக்கு ஒரு தங்கச்சி மலை எழும்பும். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் ஓய்வு பெற்றதும் 'மறுபடி' கடையில் தன்னார்வலனாகச் சேர்ந்தேன்.

மறுபடி! என்ன அழகான பெயர்! மறுபடியும் வாருங்கள் என்று அழைக்கும் பெயர். படியால் அளந்து தருவோம் என்று சொல்லும் பெயர். பொட்டலம் இல்லை, பிளாஸ்டிக் இல்லை, சம்பளக்காரர் இல்லை. இருபது பேர் முறைவைத்து வந்து அளந்து தருகிறோம். மருந்தடிக்காமல் விளைவிக்கும் உழவரிடம் நேரே வாங்குகிறோம். மூன்று ஆண்டுகளாக இந்தக் கடையிலிருந்து ஒரு கூடை குப்பைகூட வெளியே போகவில்லை.

கைதட்டுங்கள், தட்டுங்கள். ஆனால் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். ஏனென்றால், மூன்றாம் ஆண்டு விழாவில் சாதனைகளைப் பேசச் சொல்லித்தான் என்னை ஏற்றிவிட்டார்கள். நான் பேசப்போவது என் சறுக்கலை.

கடந்த ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. கடையில் பதினோரு பேர் வரிசையில் நிற்கிறார்கள். பாசிப்பயறு கேட்ட ஒருவருக்காக முருகம்மாள் ட்ரம்மின் மூடியைத் திறக்கிறார். உள்ளேயிருந்து ஒரு வண்டு நிதானமாக விளிம்பில் ஏறி நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் ஒரு குடும்பம். கையை விட்டு அள்ளினால் பயறெல்லாம் ஊசி குத்தியதுபோல் ஓட்டை!

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சொன்னார்: "மருந்து போடாத கடைன்னா இப்பிடித்தானப்பா இருக்கும்."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. கடையின் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே! காப்பாற்ற நான் என்ன செய்தேன்? பயற்றை ஓரம் கட்டினேனா? இல்லை. காரணத்தை ஆராய்ந்தேனா? இல்லை. பைக்குள்ளிருந்து போனை எடுத்தேன். அந்தப் பயற்றை விளைவித்த சிவனாண்டியை அழைத்தேன். பதினோரு பேரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏய்யா சிவனாண்டி! பயறு அனுப்பச் சொன்னா வண்டு அனுப்பியிருக்கீரா? இனிமே ஒம்ம மூட்டை இந்தக் கடை வாசப்படி ஏறாது, சொல்லிட்டேன்!"

மறுமுனையில் அவர் மெதுவாக, "நாளைக்கு வாரேன்ணே. அதுவரைக்கும் இன்னொரு மூட்டை இருக்குல்ல, அதப் பிரிக்காம வைங்க" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். கடையின் மானத்தைக் காத்த காவலனாக நான் நெஞ்சு நிமிர்த்தி நின்றேன். முருகம்மாள் மட்டும் தலையாட்டாமல் ட்ரம்மை மூடினார்.

மறுநாள் காலை, முதல் பேருந்தில் சிவனாண்டி வந்துவிட்டார். ட்ரம்முக்குள் கையை விட்டார். அள்ளினார். முகர்ந்தார். பின்னறையில் பிரிக்காமல் கிடந்த, அதே அறுவடையில் வந்த இரண்டாம் மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் கண் முன்னே தையலை அவிழ்த்து, துணியில் கொட்டிப் பரப்பினார். பச்சைப் பசேலென்று பயறு உருண்டோடியது. ஓட்டை ஒன்றில்லை; வண்டு ஒன்றில்லை.

பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இத நெறப்புறதுக்கு முன்னாடி ட்ரம்மக் கழுவுனீகளாண்ணே?"

அன்பர்களே! எங்கள் கடைச் சுவரில் ஒரு விதி எழுதியிருக்கிறது. 'பழையது தீரட்டும், பாத்திரம் காயட்டும், புதியது சேரட்டும்.' அந்த விதியை எழுதியவன் யார்? நான். இயைபு பார்த்து எழுதியவன் யார்? நான். சிவப்பு மையில் அடிக்கோடிட்டவன் யார்? நான். அந்த விதியை மீறி, ட்ரம்மின் அடியில் கிடந்த இரண்டு கை பழைய பயற்றின் மேலேயே புது மூட்டையைக் கொட்டியவன் யார்?

ஆமாம், சத்தமாகச் சொல்லுங்கள். நானே! அன்று ஒரு வாடிக்கையாளரிடம் துணிப்பையின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன். வாய் ஓடிக்கொண்டிருந்தது, கை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய பயற்றுக்குள் குடியிருந்த வண்டுகள், 'வாழ்க வெங்கடேஷ்பாபு!' என்று வாழ்த்திப் பெருகிவிட்டன.

பேசியே புடவை விற்ற நான் அன்று, "மன்னிச்சிருங்க" என்று மட்டும் முனகினேன்.

சிவனாண்டி பயற்றைத் துணியோடு கூட்டிக்கொண்டே சொன்னார்: "மன்னிப்பு கெடக்கட்டும்ணே. நீங்க திட்டுனப்ப சுத்தி ஆளுக நிக்கிற சத்தம் கேட்டுச்சு. எங்க அய்யா அடுத்தவுக வயல்ல வேலை பாத்தவரு. அவர இப்பிடித்தான் வரப்புல நிக்க வச்சு, நாலு பேரு பாக்கத் திட்டுவாக. நான் ரெண்டு ஏக்கர் சொந்தமா உழுகுறேன், அந்தக் காலமெல்லாம் போயிருச்சுன்னு நெனச்சிருந்தேன். அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான் என்றார். அதற்கு மேல் என்ன வேண்டும், அன்பர்களே?

இனி என்ன செய்வது என்று தன்னார்வலர்கள் அன்றே கூடிப் பேசினோம். அந்த ட்ரம்மிலிருந்து முப்பத்தெட்டு வீடுகளுக்குப் பயறு போயிருக்கிறது. "சல்லடையில சலிச்சு வித்துறலாம்" என்றது ஒரு குரல். "யாருக்கும் தெரியாது, விடுங்க" என்றது இன்னொரு குரல். அந்த இரண்டாம் குரல் யாருடையது என்று கேட்காதீர்கள். கேட்டுவிட்டீர்களா? என்னுடையதுதான்.

முருகம்மாள் எழுந்தார். "அந்தாளு ரெண்டு பஸ்ஸு மாறி வந்து மூட்டையப் பிரிச்சுக் காட்டுறாரு. நாம மூடி வைக்கவா? முப்பத்தெட்டு வீட்டுலயும் சொல்லணும். வண்டு வந்துருச்சு, தப்பு எங்களதுன்னு சொல்லணும். சொல்லலன்னா நான் நாளையில இருந்து வரல."

பேச்சு அத்தோடு முடிந்தது. கடையின் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி எழுதும் பொறுப்பை நான் ஏற்றேன். 'அன்புடையீர்! தங்கள் இல்லம் ஏகிய பசும்பயற்றில், எதிர்பாராச் சிற்றுயிர்கள் சில குடியேறியிருத்தல் கூடும் எனும் ஐயப்பாடு…' என்று தொடங்கினேன். முருகம்மாள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். போனைப் பிடுங்கினார். அடித்தார்: 'பயறுல வண்டு இருக்கு. திருப்பிக் கொண்டாங்க, வேற தாரோம். தப்பு எங்களது.' முடிந்தது. தமிழின் அழகு சுருக்கத்தில் இருக்கிறது என்பதை அறுபது வயதில் கற்றுக்கொண்டேன்.

தெரிகிறது அம்மையாரே, உங்கள் கை மணியை நோக்கிப் போகிறது. கற்றுக்கொண்டேன் என்றுதான் சொன்னேன். கடைப்பிடிக்கிறேன் என்று சொல்லவில்லை.

செய்தியைப் பார்க்காத வீடு ஒன்று இருந்தது. அதுதான் எங்களை நடுங்கவைத்த வீடு. முத்துமீனா என்ற வாடிக்கையாளர், தன் தங்கையின் வளைகாப்புச் சுண்டலுக்காக ஆறு கிலோ வாங்கிப் போயிருந்தார். விசேஷம் மறுநாள் காலை! நானும் முருகம்மாளும் ஆட்டோவில் ஏறினோம். கூடவே நல்ல மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு சிவனாண்டியும் ஏறினார். "நீங்க எதுக்கு?" என்றேன். "சுண்டல் கெட்டா யாரு வயித்துல எறங்கும்? புள்ளத்தாச்சி வீடுண்ணே" என்றார்.

பந்தல் போட்ட வாசல். உறவினர் கூட்டம். முத்துமீனா அப்போதுதான் பயற்றை ஊறப்போட அண்டாவை எடுத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அண்டா டங்கென்று தரையில் இறங்கியது.

"என்னண்ணே இது! நாளைக்கு விசேசத்த வச்சுக்கிட்டு இப்ப வந்து சொல்றீக! எம்புட்டு நம்பி வாங்குனேன்!"

"தப்பு என்னோடதும்மா. ட்ரம்மக் கழுவல. பயறு வெளைய வச்சவரு மேல ஒரு குத்தமும் இல்ல. இந்தா நிக்கிறாரு, வேற கொண்டாந்திருக்காரு" என்றேன். அத்தனை உறவினர் முன்னால் சொன்னேன்.

முத்துமீனா என்னையே பார்த்தார். பந்தலில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்: "கடைக்காரன் தானா வீடு தேடி வந்து தப்புன்னு சொல்லி இப்பத்தான்ப்பா பாக்குறேன்!" அந்தச் சிரிப்பு பந்தல் முழுக்கப் பரவியது, கடைசியில் முத்துமீனாவின் முகத்திலும் வந்து அமர்ந்தது. மூட்டையைத் தானே பிரித்துப் பார்த்துவிட்டு, "சரி, மூணு பேரும் காபி குடிச்சிட்டுப் போங்க. நாளைக்குச் சுண்டல் திங்கவும் வரணும்" என்றார்.

முப்பத்தெட்டு வீட்டில் முப்பத்தாறு வீடு பயற்றைத் திருப்பித் தந்தது. மற்ற இரண்டு வீட்டில், "அவிச்சுத் தின்னுட்டோமே, நல்லாத்தான இருந்துச்சு!" என்றார்கள். அவர்களுக்காக நாங்கள் மௌனம் காத்தோம். வந்து சேர்ந்ததெல்லாம் முருகம்மாள் வீட்டுக் கோழிகளுக்குப் போயிற்று. அந்த வாரம் அவை போட்ட முட்டைக்கு அளவில்லை.

அதன் பிறகு, 'இந்தக் கடையில் இருக்க எனக்குத் தகுதியில்லை, விலகுகிறேன்' என்று நான்கு பக்கக் கடிதம் எழுதி முருகம்மாளிடம் நீட்டினேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. "ஓட்டை டப்பாவக்கூட ஒட்ட வச்சு எடுத்துட்டு வாங்கன்னு ஊருக்குச் சொல்ற கடைண்ணே இது. ஒங்கள எங்க போய்ப் போடுறது? நம்ம கடையில குப்பைத்தொட்டியே இல்லையே!" என்றார். ட்ரம் பொறுப்பு பறிபோனது. இருபதாவது தன்னார்வலராகத் தானே வந்து சேர்ந்த முத்துமீனாவிடம் அது போனது. எனக்கு ட்ரம் கழுவும் பதவி. அதைப் பெருமையோடு வகிக்கிறேன்.

என் பெருமக்களே! தேங்காய் ஓட்டை எறிய மாட்டோம் என்றோம். எறியவில்லை! கிழிந்த சாக்கை எறிய மாட்டோம் என்றோம். எறியவில்லை! வண்டு தின்ற பயற்றைக்கூட எறியவில்லை! ஆனால் ஒரு மனிதரை எறிந்தேனே நான்! பயற்றை விளைவித்த கையை, கேள்வி கேட்காமல், விசாரணை வைக்காமல், ஒரே அழைப்பில் வாசற்படிக்கு வெளியே எறிந்தேனே! ஆளை எறிகிற கடை, குப்பையில்லாக் கடை ஆகுமா? உழைத்தவர் தலைகுனிய, விற்றவர் தலை நிமிர்ந்தால் அது நேர்மையான கடை ஆகுமா?

அன்றிலிருந்து இன்றுவரை சிவனாண்டியிடமிருந்து ஒரு மூட்டை வரவில்லை. யார் கேட்டாலும், "பாப்போம்ணே" என்பார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தனியே மன்னிப்புக் கேட்டேன், தலையாட்டினார். ஆனால் பதினோரு பேர் கேட்கத் திட்டியதற்குத் தனியே கேட்ட மன்னிப்பு ஈடாகுமா? ஆகாது! ஸ்பீக்கரில் திட்டியவன் மைக்கில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்!

ஆகவே, ஒத்தக்கடை சாட்சியாக, இங்கே கூடியிருக்கும் முந்நூறு பேர் சாட்சியாகச் சொல்கிறேன். சிவனாண்டி அவர்களே! உங்கள் பயறு சுத்தம். உங்கள் கை சுத்தம். அழுக்கு இருந்தது என் ட்ரம்மில். அதைவிட அழுக்கு இருந்தது என் சொல்லில். அந்தச் சொல்லை, உங்கள் அய்யாவின் பெயருக்கும் சேர்த்து, இந்த அவை நடுவே திருப்பி வாங்கிக்கொள்கிறேன். மன்னித்துவிடுங்கள். உங்களுக்கான நாற்காலி மேடையில் காலியாக இருக்கிறது. வாருங்கள் ஐயா!

என்ன சொல்கிறார்? "விடுங்கண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்கிறாரா? விடாதீர்கள் தாய்மார்களே! வழி விடுங்கள், அவர் போக அல்ல, அவர் ஏற! அதோ எழுந்துவிட்டார். அதோ முத்துமீனா கையைப் பிடித்து அழைத்து வருகிறார். இப்போது தட்டுங்கள், மிச்சம் வைத்த கைதட்டலையெல்லாம்!

அமருங்கள் ஐயா. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள்; நானும் துடைத்துக்கொள்கிறேன். என் காதில் ஏதோ சொல்கிறார், கொஞ்சம் அமைதி.

"ஆடிப்பட்டத்து உளுந்து களத்துல காயுது. திங்கக்கெழமை ரெண்டு மூட்டை போட்டு விடுறேன்" என்கிறார்!

கேட்டீர்களா ஒத்தக்கடையே! திங்கட்கிழமை! டப்பாவைத் துடைத்து வையுங்கள்! இதைவிட நான் பேச என்ன இருக்கிறது? பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், பொறுத்துக்கொண்ட தலைமைக்கும், என்னைத் திருத்திய இரண்டு பெண்களுக்கும், என்னை மன்னித்த இந்த மனிதருக்கும் மனம் நிறைந்த நன்றி! உங்கள் எல்லோர் வீட்டு அடுப்பிலும் நல்ல உளுந்து பொங்கட்டும்! வணக்கம்!