தரம் நூறு

கைப்பேசியில் எடுத்த படம் கணினியில் திறக்காமல் போவது உங்களுக்கும் நேர்ந்திருக்கும். சின்ன விஷயம்தான். ஆனால் என் மனைவி அன்று அதற்காக அழுதாள்.

மகள் மின்னஞ்சலில் அனுப்பியிருந்த படம் அது. லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவனோடு அவள் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் தரம் பார்க்காமல் யாரும் சம்பந்தம் செய்ததில்லை. தாயும் மகளும் எழுதிக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மறைக்கவும் மனமில்லாமல், திறக்கவும் தெரியாமல் மனைவி என்னிடம் வந்து நின்றாள்.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. ஆம்பளப் புள்ள பொறந்திருக்காம். ஒரே ஒரு தடவ மூஞ்சியப் பாத்துட்டு அழிச்சிடுறேன்."

நான் கோபிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இணையத்தில் படங்களை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றித் தரும் தளங்கள் இருக்கின்றன. ஒன்றில் ஏற்றினேன். ஜேபெக் என்று தேர்ந்தெடுத்தேன். தரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டது. நூறு வைத்தேன். படத்தோடு ஒட்டியிருக்கும் விவரங்களை நீக்கவா என்றும் கேட்டது. வேண்டாம் என்றேன்.

குழந்தை தெரிந்தது. மனைவி திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"மூக்கப் பாருங்க, அப்படியே உங்க மூக்கு. அது நுனியில கோவம் மட்டும் இல்லாம இருந்தாச் சரி."

இரண்டு வருடத்தில் அன்றுதான் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

படத்துக்குக் கீழே விவரங்கள் இருந்தன. எடுத்த தேதி, நேரம், பிறகு இரண்டு நீண்ட எண்கள். 'எங்க இருக்கோம்னு மட்டும் கேக்காதம்மா, அப்பாவ நெனச்சா பயமா இருக்கு' என்று மகள் மின்னஞ்சலில் எழுதியிருந்தாள். ஊர்ப்பெயர், தெருப்பெயர் எதுவும் கிடையாது. கெட்டிக்காரிதான். ஆனால் அப்பா முப்பது வருடம் நில அளவையாளராக இருந்ததை மறந்துவிட்டாள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் எனக்கு வாசலில் எழுதிய வீட்டு எண் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். மூவரும் வீட்டில் இருக்கும் நாள்.

"பையில என்னங்க கேனு?"

"வண்டிக்குப் பெட்ரோல்."

அவள் முகம் வெளுத்தது. "வண்டியத்தான் போன வருசமே வித்துட்டோமேங்க."

அவளைப் பின்னறையில் வைத்துப் பூட்ட வேண்டியிருந்தது. மின்விசிறியைப் போட்டுவிட்டுத்தான் பூட்டினேன்.

ஒரே வாசல் உள்ள வீடு. ஜன்னல்களுக்குக் கம்பி இருந்தது. பையை வெளியிலேயே வைத்துவிட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா... எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?" உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "சத்தம் போடாதீங்கப்பா. இப்பத்தான் தூங்குனான்."

நான் சத்தம் போடவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். அந்த லிஃப்ட்காரன் எனக்காக எழுந்து நின்றான். அந்த மரியாதையை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன். கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். கேனில் மிச்சம் வைக்கவில்லை. ஒரு தீக்குச்சி போதுமாக இருந்தது. குழந்தை விழித்துக்கொண்டது தெருமுனை வரை கேட்டது.

அந்தப் படத்தைச் சான்றாக எடுத்துப் போயிருக்கிறீர்கள். அடிக்கடி வகை மாற்றாமல் பத்திரமாக வைத்திருங்கள். மாற்ற மாற்றத் தரம் குறையும். எங்கள் வீட்டில் அது இதுவரை குறைந்ததில்லை.