பாத்தாச்சு

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: எனக்கு இடுப்பு வலி. நான் நின்றுகொண்டே பேசுவதைப் பார்த்துக் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். இருபத்தாறு வருடமாகச் சின்ன விமானங்களின் இறக்கைக்கு அடியில் குனிந்து நிமிர்ந்த இடுப்பு, அவ்வளவுதான்.

என் தங்கையின் கணவர் ஓட்டிய விமானம் விழுந்ததைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

பறப்பதற்கு முன், இறக்கைக்கு அடியிலிருக்கும் சிறு திறப்பிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும். எங்கள் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். தண்ணீர் சேர்ந்திருந்தால் நிறமில்லாமல் அடியில் தங்கும். நான் பார்த்தாலும், ஓட்டுகிறவரும் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. மாப்பிள்ளை குனிந்தால் சட்டை கசங்கிவிடும். பேன்ட் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்று கேட்பார்.

"என்ன சொட்டு மச்சான், பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

சொட்டு என்பது அவர் எனக்கு வைத்த பெயர். விமானக் கொட்டகை முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் காட்டி, "இதுல பெட்ரோல் கலந்திருக்கான்னு பாத்துச் சொல்லுங்க மச்சான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், என் தங்கை உட்பட. நானும் சிரித்திருக்கிறேன். சிரித்துச் சிரித்தும் மனிதன் களைத்துப்போவான்.

டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறது, மழைத் தண்ணீர் இறங்கும், புதிது வரும்வரை நீங்களும் ஒருமுறை குனிந்து பாருங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசியில் அவரைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டேன்.

மூன்று நாள் மழை விட்டு வெயில் அடித்த காலை அது. குவளையில் பிடித்தேன். பாதிக்கு மேல் தண்ணீர். கொட்டிவிட்டு மறுபடி பிடித்தேன். மறுபடியும் அப்படியே. மாப்பிள்ளை வந்தார். குவளை என் கையில்தான் இருந்தது, வெயிலில், அவர் கண்ணுக்கு நேராக. கழுத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் போதும். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தாச்சா மச்சான்?"

"பாத்தாச்சு."

என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஓடுதளத்தைத் தாண்டி மரங்களுக்கு மேலே போனதும் இன்ஜின் இருமியது, நின்றது. அந்த உயரத்தில் மூக்கைத் தாழ்த்தி நேரே எதிரில் இறக்க வேண்டும். திரும்பி வரப் பார்க்கக் கூடாது. திரும்பினால் வேகம் குறைந்து இறக்கை தாங்காது. புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்கு மாப்பிள்ளையே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. அவர் திரும்பினார். ஆகவே, திரும்பியதுதான் காரணம் என்று நீங்கள் எழுதினால் நான் மறுக்கப் போவதில்லை.

இப்போது எல்லா விமானிகளும் குனிகிறார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு முறை பார்க்கிறார்கள். என்னை யாரும் சொட்டு என்று கூப்பிடுவதில்லை. பட்டால்தான் புத்தி வரும் என்பது சரியாகத்தான் இருக்கிறது. ஒரு உயிர் போய்ப் பத்து உயிர் பிழைக்கிறது என்று கணக்குப் பார்த்தால் நான் செய்தது பாதுகாப்பு வேலைதான்.

தங்கைதான் சிரமம். எட்டு நாள் தூங்கவில்லை. ஒன்பதாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அன்னிக்கு நீதானே பாத்த?"

"ஆமாம்மா. பாத்தேன்."

"நீ பாத்திருந்தா சரியாத்தான் இருந்திருக்கும். அவர்தான் ஏதோ அவசரப்பட்டிருக்கார்."

என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். விடியும்வரை நான் அசையவில்லை. இடுப்பு அன்றுதான் இப்படிப் பிடித்துக்கொண்டது.

தண்ணீர் இருப்பது தெரிந்துதான் அவரை அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்குக் கீழே இதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள், தங்கை படிப்பாள்: அண்ணன் அவளிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.