சிந்தாமல் ஊட்டியது

புட்டை அதிகம் குழைக்கக் கூடாது. வாழைப்பழம் பிசைந்தால் போதும், தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஊட்டினேன். நீங்கள் கேட்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் பெனிஃபிட்டில் இருந்தவன். அந்த அரசாங்கக் காசை வாங்கினால் வேலை தேட வேண்டும். தேடினேன். கைகுலுக்குவது எப்படி என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். போய் ஒழுங்காகக் குலுக்கிவிட்டு வந்தேன். கடைசியில் மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சரக்கு இறக்குகிற வேலை கிடைக்கும்போல் இருந்தது. அந்த வாரம்தான் சதாசிவம் சித்தப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலப்பக்கம் விழுந்துபோனது. சித்தி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகளும் இல்லை. மவுண்ட் ரோஸ்கில்லில் அவருடைய வீட்டுக்கு நான் குடிபோனேன்.

நோயாளியை முழுநேரமும் பார்த்துக்கொள்கிறவன் வேலை தேடத் தேவையில்லை, விலக்கு உண்டு. நோயாளியால் எதையும் தானாகச் செய்ய முடியாமல் இருக்கும்வரை உண்டு. நியாயமான ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன்.

நன்றாகவே பார்த்தேன். குளிப்பாட்டினேன், சவரம் செய்தேன், முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனால் சனம் சாமியை விட்டுவிட்டு எங்களைப் பார்க்கும்.

ஒருநாள் காலையில் அவர் வலக்கையால் தேநீர்க் கோப்பையைத் தூக்கினார்.

“பாத்தியாடா யசீகரன்? இன்னும் கொஞ்ச நாளில நடப்பன். ஒனிஹங்காப் பாலத்தில போய் நிண்டு மீன் பிடிப்பன்.”

சந்தோஷமாகத்தான் இருந்தது. கோப்பையை வாங்கிக்கொண்டேன். “சுடும் சித்தப்பா, கையில ஊத்துப்படும்.” தேநீர் ஆறியிருந்தது.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ரோஸ்மேரி அக்கா வருவார். மலேசியாக்காரர், கறாரானவர். “தம்பி, எல்லாத்தையும் நீங்களே செஞ்சா எப்படி? அங்கிள் தானா சாப்பிடட்டும் லா. சிந்தினா துடைச்சிக்கலாம். தானா எழுந்து நிக்கட்டும்,” என்றார். ஒரு ஊன்றுகோலும் தந்தார்.

இதை நான் பக்கத்துத் தெரு ரதிதேவி மாமியிடம் சொன்னேன். சிந்தினாலும் ஊட்டக் கூடாதாம், விழுந்தாலும் ஓடிப்போய்ப் பிடிக்கக் கூடாதாம் என்று சொன்னேன். விழுவதைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அது நான் சேர்த்தது.

மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்கட ஆக்கள் அப்பிடிச் செய்யிறேல்லை மோனை. அந்தப் பிள்ளையை இனி வரவேண்டாம் எண்டு சொல்லு. நீ அவருக்குப் பெத்த மகனிலும் மேல்.” அடுத்த வாரமே கோயிலில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அக்காவை நிறுத்தியது நான் இல்லை என்று சொல்லலாம். ஊரே நிறுத்தியது.

அதன்பிறகு கஷ்டம் இருக்கவில்லை. நான் அடிக்கவில்லை, கட்டிப்போடவில்லை. அவர் கரண்டியைத் தேடுவதற்கு முன்னால் கவளம் வாய்க்கு வந்துவிடும். எழும்ப நினைத்தால் என் கை அவருடைய தோளில் இருக்கும். ஊன்றுகோலைக் கராஜில் வைத்துவிட்டேன்.

“விடு மோனை, நானே சாப்பிடுறன்.”

“நான் இருக்கேக்க நீங்கள் ஏன் சித்தப்பா கஷ்டப்படுறியள்?”

முதலில் திட்டினார். கவளத்தைத் துப்பியும் பார்த்தார். துடைத்துவிட்டு அடுத்ததை ஊட்டினேன். பிறகு கெஞ்சினார். அதன்பிறகு வாயை மட்டும் திறந்தார். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டே போயின. நகம் குத்தாமல் இருக்க ஒரு துணியைச் சுருட்டி உள்ளே வைத்தேன். அதையெல்லாம் நான் கவனிப்பேன்.

விலக்கை நீட்டிக்கும் நேரம் வந்தபோது டாக்டர் வீட்டுக்கு வந்தார். கையைத் தூக்கச் சொன்னார். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வந்து தூக்கிவிடுவேன் என்று காத்திருந்தார். இனிமேல் முன்னேற்றம் இருக்காது என்று டாக்டர் எழுதிவிட்டு, என் தோளைத் தட்டிக்கொடுத்துப் போனார்.

ரோஸ்மேரி அக்கா கோயிலில் சித்தப்பாவின் கையைப் பார்த்து உங்களுக்கு அறிவித்திருக்காவிட்டால் நீங்கள் என்னை விசாரிக்கக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. நடந்திருக்கக்கூடிய மனிதரை முடக்கியது நான்தான், தெரிந்தேதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வேலை செய்ய விருப்பமில்லாதவன் என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள். நான் ஒருநாள்கூட லீவு எடுத்ததில்லை.