செண்பகவல்லி சைக்கிள் பழகிய ஏரி

இவ்வளவு நேரம் கருத்தாவே பேசிட்டேன்... உங்களுக்கும் அலுப்பு தட்டியிருக்கும். இப்ப ஒரு குட்டிக் கதை சொல்றேன். தாய்மார்கள் கேளுங்க. பின்னாடி நிக்கிற அண்ணன்மார்களும் கொஞ்சம் கிட்ட வாங்க... இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அங்க செண்பகவல்லின்னு ஒரு அம்மா. நாற்பதைத் தொடப்போற வயசு. வீட்டுக்காரர் சங்கரபாண்டி, எலக்ட்ரிக் கடை வச்சிருக்கார். ஒரே பொண்ணு, சுபத்ரா. செண்பகவல்லிக்கு ரொம்ப நாள் காத்திருந்து அங்கன்வாடியில வேலை கிடைச்சுது. ஜூன் மாசம் சேரணும். ஆனா வேலை பக்கத்து ஊர்ல. பிள்ளைங்க எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த ஊருக்கு முதல் பஸ்ஸே போகும். சைக்கிள்ல போகலாம்... இவங்களுக்கு ஓட்டத் தெரியாது. வீட்டுக்காரர், கடையை விட்டுட்டு தினமும் கொண்டுபோய் விட எனக்குத் தோதுப்படாது, வேலை வேண்டாம்னு சொல்லிருன்னுட்டார்.

இதுக்கு நடுவுல மே மாச லீவு. குடும்பத்தோட கொடைக்கானல் போனாங்க. ஏரியில படகு, குதிரைச் சவாரி, சுட்ட சோளம்... பொண்ணுக்குத் தலைகால் புரியல. அம்மா கண்ணு மட்டும் தண்ணியில இல்ல. எங்க இருந்துச்சு? ஏரியைச் சுத்திப் போற ரோட்டுல... வாடகை சைக்கிள் மேல.

சாயங்காலம் வீட்டுக்காரர்கிட்ட கேட்டாங்க. "எனக்கு ஒரு சைக்கிள் எடுத்துக் குடுங்க."

அவர் சிரிச்சார். இத்தனை பேர் முன்னாடி விழுந்து வாரப்போறியான்னு கேட்டார்.

அந்த அம்மா நிதானமாச் சொன்னாங்க. "நம்ம ஊர்ல விழுந்தா வருஷம் பூரா சொல்லிச் சிரிப்பாங்க. இங்க என்னை யாருக்குங்க தெரியும்?"

மறுநாள் காலையில ஆரம்பிச்சாங்க. பொண்ணு பின்னாடி கேரியரைப் பிடிச்சா. அம்மா ஏறினாங்க... விழுந்தாங்க. ஏறினாங்க... விழுந்தாங்க. சேலை செயின்ல மாட்டிக் கிழிஞ்சது. சுற்றுலா வந்தவங்க நின்னு பார்த்துச் சிரிச்சாங்க. ஒருத்தர் செல்போன்ல படம் எடுத்தார். இந்த வீட்டுக்காரர் என்ன செஞ்சார் தெரியுமா? மெல்ல நகர்ந்து போய், தூரத்துல ஒரு பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டார். இந்த அம்மா யாரோ, நான் யாரோங்கிற மாதிரி...

அதை செண்பகவல்லி பார்த்துட்டாங்க. முழங்கால் காயத்தை விட அதுதான் வலிச்சது. அழுதாங்களா? கண்ணு கலங்குச்சு. துடைச்சுக்கிட்டாங்க. பொண்ணுகிட்ட ஒரே வார்த்தைதான் சொன்னாங்க... "பிடி."

அடுத்த நாள் வீட்டுக்காரர் அருவி பார்க்கக் கிளம்பச் சொன்னார். நான் வரலன்னுட்டாங்க செண்பகவல்லி. பொண்ணும் அம்மாகூட இருந்துட்டா. சாயங்காலத்துக்குள்ள, பொண்ணு கையை விட்டது தெரியாமலே அம்மா கொஞ்ச தூரம் போயிட்டாங்க.

ஊருக்குக் கிளம்புற அன்னைக்குக் காலையில, மூடுபனி. இன்னைக்கு ஏரியை முழுசா ஒரு சுத்து வரப்போறேன்னு சொல்லிட்டு சைக்கிளை எடுத்தாங்க. வீட்டுக்காரர் தடுக்கல. வாழ்த்தவும் இல்ல. பாதி ஏரி தாண்டினதும் ஒரு வளைவு. எதிர்ல குதிரை வந்துச்சு. பதறிப்போய் பிரேக்கைப் பிடிச்சாங்க... கைப்பிடி ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம், இவங்க ஒரு பக்கம்.

எழுந்து பார்த்தா, பின்னாடி இன்னொரு சைக்கிள் நிக்குது. சங்கரபாண்டி. மனசு கேக்காம வாடகைக்கு எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வந்திருக்கார். திட்டப்போறார்னு நினைச்சாங்க. அவர் கீழ கிடந்த சைக்கிளைத் தூக்கினார். முன் சக்கரத்தை ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, கோணிப்போன கைப்பிடியை நேராக்கினார். அவங்க முகத்தைப் பார்க்காமலே சொன்னார்...

"பிரேக்கைச் சட்டுனு பிடிக்காத, வல்லி. மெதுவா அழுத்து."

மன்னிப்புங்கிற வார்த்தை அதுல இல்ல. ஆனா அவங்களுக்குப் புரிஞ்சது. ஏறினாங்க. மிச்சத்தையும் மிதிச்சு, சுத்தி முடிச்சாங்க. ஜூன் மாசம் அங்கன்வாடிக்கு சைக்கிள்லதான் போனாங்க. ஊர் பார்த்துச்சு... ஒரு வாரம் பார்த்துச்சு. அப்புறம் அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிடுச்சு.

இப்ப சொல்லுங்க... அந்த ஏரிக்கரையில சிரிச்சாங்களே, அவங்கள்ல யாருக்காவது இன்னைக்கு செண்பகவல்லி முகம் ஞாபகம் இருக்குமா? இருக்காது. சிரிக்கிறவனுக்கு அது ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்து நாம விட்டுட்டு வந்தது இருக்கே... அது நம்மள ஆயுசு பூரா உறுத்தும்.

அண்ணன்மார்களே, உங்க வீட்டுல ஒரு பொண்ணு கீழ விழுந்தா, தூரப்போய் உட்காராதீங்க. தாய்மார்களே, யாராவது வந்து தூக்கிவிடுவாங்கன்னு நீங்களும் காத்திருக்காதீங்க. சங்கரபாண்டி வந்ததால இல்ல செண்பகவல்லி ஓட்டினது... செண்பகவல்லி ஓட்டினதாலதான் சங்கரபாண்டி வந்தார். அதனால, முதல்ல நீங்க ஏறுங்க.